நிச்சயதார்த்தத்தன்று வந்த கட்டுரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் பேப்பர் விழுந்தது. பத்தரைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் என் வாரப் பத்தி வரும் பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த வாரம் நான் எதுவும் எழுதி அனுப்பவில்லை. ஜவுளி, சமையல்காரர் என்று அலைந்ததில் மறந்தே போயிருந்தேன். ஆனாலும் என் பெயரோடு பத்தி வந்திருந்தது. தலைப்பு: 'குழாய் பார்க்க வந்தவர்'.

வாராவாரம் எழுதுகிறவர்கள், காய்ச்சல் வந்தால் ஆகுமென்று ஓரிரண்டு கட்டுரைகளைப் பத்திரிகை ஆபீசில் முன்கூட்டியே கொடுத்து வைப்போம். இது அப்படிக் கொடுத்தது. பெண் பார்க்க வந்த பிள்ளையின் அப்பா, பெண்ணை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த கதை. பார்த்துவிட்டுப் போனவர்கள் இரண்டு மாதம் பதிலே சொல்லவில்லை. இனி வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதினேன். பிறகு சம்மதம் என்று போன் வந்தது. சந்தோஷத்தில் கட்டுரையை மறந்துவிட்டேன்.

இருபது வருடமாகப் பத்தியும் நாடகமும் எழுதுகிறேன். திருத்தணியில் என் நாடகம் நடந்தால், முன்வரிசையில் யாராவது ஒருவர் அது தானேதான் என்று முடிவுகட்டி எழுந்து போவார். மறுநாள் மார்க்கெட்டில் முறைப்பார். அதனால் ஆளை மாற்றி எழுதக் கற்றுக்கொண்டேன். இதிலும் உயரத்தைக் குறைத்திருந்தேன். மீசையை எடுத்திருந்தேன். ரயில்வேயிலிருந்து தபால் இலாகாவுக்கு மாற்றியிருந்தேன். குழாயை மட்டும் தொடவில்லை. அதை எடுத்துவிட்டால் கட்டுரையில் ஒன்றுமே மிஞ்சாது.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"உங்க மேட்டர் வரல மேடம். அதான் இருப்புல இருந்ததை எடுத்துப் போட்டேன். இங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றார் பொறுப்பாசிரியர்.

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் சிரிப்பு வந்து, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இன்னா காரியம்மா பண்ணி வச்சிருக்கே? சம்மந்தி பேப்பர் இல்லாம ரயிலே ஏறமாட்டாரு."

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த மகள் வாங்கிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அவங்க பிள்ளையைப் பிடிச்சிருக்கும்மா. ஒரு வாட்டி சும்மா இருந்திருக்கலாம் நீ" என்றாள். விமர்சகர்கள் என் நாடகங்களைக் கிழித்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் கிழித்ததில்லை.

பெரம்பூரிலிருந்து பதினைந்து பேர் மின்சார ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு வரவேண்டிய ரயில் வந்துவிட்டது என்று ஸ்டேஷனுக்குப் போன மைத்துனர் போனில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பத்து மணியாயிற்று. பஜ்ஜியைப் போடவா வேண்டாமா என்று சமையல்காரர் மூன்று முறை வந்து கேட்டார். கடைசியில் ஒரே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரே ஒருவர் இறங்கினார், பிள்ளையின் அம்மா. ஒரு கையில் தாம்பூலத் தட்டு, மறு கையில் கத்தையாகப் பேப்பர். கும்பிடப் போன என் கைகள் பாதியில் நின்றன.

"வரும்போதே ஸ்டேஷன் கடையில இருந்த அத்தனையும் வாங்கிட்டேங்க, சம்மந்தி" என்றார். "எங்க ஜனங்க தலைக்கு ஒண்ணு வச்சுகினு பிளாட்பாரத்துலயே குந்தி எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டிகினு இருக்காங்க. போற வீட்டுல எல்லாம் குழாயைத் திறந்து பாக்குறாருன்னு முப்பது வருஷமா நான் சொன்னேன், ஒருத்தர் நம்பல. முடிஞ்சதும் வந்துடுவாங்க. தட்டை எங்க வைக்கட்டும்?"