கிழக்குப் பார்த்த எட்டு வில்லாக்கள்

அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. இதைச் சொல்லாமல் என்னால் எந்தக் கதையையும் தொடங்க முடியாது, ஏனென்றால் இதற்காக நான் ஒரு ஏரியை விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஏரி என்பது பில்டர் சொன்ன பெயர். மழைத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குளம், நடுவில் ஒரு ஃபவுண்டன், நான்கு வாத்து. அதன் கரையில் ஒரு மனை காலியாக இருந்தது. ஆனால் வாசல் மேற்கு. என் கணவர் போனில் காம்பஸைத் திறந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், அத்தோடு பேச்சு முடிந்தது. இப்போது எங்கள் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கராஜ் தெரியும். நல்ல கராஜ்தான்.

அதனால், கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகிறதே, எங்கேயாவது போகலாமா என்று அவர் கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை. பெல்லாஜியோ என்றேன். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் கட்டிவிட்டுப் போன வில்லாக்கள், தண்ணீர்வரை இறங்கும் தோட்டங்கள், படிக்கட்டாகவே இருக்கும் தெருக்கள். டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும்போதெல்லாம் அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்து, எந்தப் படகு எந்தத் துறைக்குப் போகும் என்பதுகூட எனக்கு அத்துப்படியாகியிருந்தது. டிக்கெட் போட்டோம். நானா வாயை மூடிக்கொண்டு இருப்பேன்? தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

கிளம்ப ஒன்றரை மாதம் இருக்கும்போது நல்ல செய்தி வந்தது. பதினொரு வருடமாக நின்ற இடத்திலேயே நின்ற எங்கள் கிரீன் கார்டு வரிசை திடீரென்று நகர்ந்தது. கடைசி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் கேசரி கிண்டினேன். கேசரி ஆறுவதற்குள் வக்கீலிடமிருந்து போன். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது, பயண அனுமதிக் காகிதம் கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், போனால் திரும்பி வருவது சந்தேகம் என்றார். நல்ல செய்தி வந்து கெட்டுப்போன பயணம் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்ததை வெளியில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

போவதாக இருந்த கோடை விடுமுறை கடந்து, நவராத்திரி வந்தது. இங்கே கொலு என்றால் படியில் பொம்மை வைப்பதோடு விடமாட்டார்கள். படிக்கு முன்னால் தரையில் வருடத்துக்கு ஒரு தீம் வேண்டும். போன வருடம் ஒருத்தி மெரினா பீச்சைக் கலங்கரை விளக்கத்தோடு கொண்டுவந்து இறக்கியிருந்தாள். நான் பெல்லாஜியோதான் என்று முடிவு செய்தேன். போகத்தான் விடவில்லை, கட்டியாவது பார்க்கிறேன் என்ற வீம்பு. பேக்கிங் ட்ரேயில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிக் கொலுப் படியை ஒட்டி வைத்தேன். அதுதான் ஏரி. சைப்ரஸ் மரத்துக்கு ரோஸ்மேரிக் கொத்து. செட்டியாரும் ஆச்சியும் மளிகைக் கடையை மூடிவிட்டு இத்தாலி ஐஸ்க்ரீமான ஜெலாட்டோ விற்றார்கள். படகுத் துறையில் டிக்கெட்டுக்காகத் தசாவதாரமும் வரிசையில் நின்றது. வரிசையில் நிற்பதன் அருமை அவர்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வில்லாக்கள் மட்டும் கணவர் பொறுப்பு. எட்டு வில்லா. மஞ்சள், காவி, ரோஸ் என்று அட்டையில் பால்கனியோடு கட்டினார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அவரே ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தினார்.

முதல் நாள் முதலில் வந்தவள் ஊரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "போய்ட்டு வந்த சூட்டோட செஞ்சுட்டீங்களா? ட்ரிப் எப்படிங்க இருந்துச்சு?"

போகவில்லை என்ற பதில் தொண்டைவரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"சூப்பரா இருந்துச்சு," என்றேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் நான் அளந்த அளப்பு கொஞ்சமில்லை. சாயங்காலமானால் காற்று சில்லென்று இருக்கும் என்றேன். பிஸ்தா ஜெலாட்டோதான் நல்லது என்றேன். யாராவது கேட்டால் சும்மா சிரி என்று பத்து வயது மகளுக்குச் சொல்லிவைத்தேன். சிரித்தால் அது பொய்யில் சேருமா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு கிண்ணம் சுண்டலை அவள் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கி இரண்டு வருடம் ஆனவள். நினைத்த நேரத்தில் நினைத்த நாட்டுக்குப் போய் வருவாள். அவள் குங்குமம் இட்டுக்கொண்டு வில்லாக்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நாங்களும் ஜூன்ல இங்கதாங்க போயிருந்தோம்," என்றாள்.

நான் அவசரமாக ஒரு கிண்ணம் சுண்டலை அவளிடம் நீட்டினேன்.

"ஏரி எங்க?" என்று கேட்டாள்.

"அதோ, பின்னாடி, படிகிட்ட."

"அப்ப ஏன் எல்லா வீடும் தண்ணிக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐந்து நாளாகக் கண் முன்னால் இருந்தும் கவனிக்கவில்லை. எட்டு வில்லாக்களும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் வாசல் பக்கம் திரும்பி நின்றன. அந்த மனிதர் இத்தாலிக்கும் காம்பஸ் பிடித்திருக்கிறார்.

"அங்க எல்லாமே ஏரியப் பாத்துதாங்க இருக்கும். அதுக்குத்தானே வீட்டையே கட்டுனாங்க," என்றாள் அவள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பியிருந்தாள். "நீங்க எந்தப் பக்கம் தங்கியிருந்தீங்க?"

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகள், சொன்ன சொல் தவறாமல், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"நாங்க போகவே இல்ல," என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று இன்றும் தெரியாது. "ஸ்டாம்ப் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ட்ராவல் பேப்பர் வரல. வெளிய போகக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அஞ்சு நாளா பொய்தான் சொல்லிட்டு இருக்கேன். ஜெலாட்டோகூட யூட்யூப்ல பாத்ததுதான்."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவர்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் கையிலிருந்த சுண்டலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நாங்க ஊருக்கே போயி ஏழு வருஷம் ஆச்சுக்கா. எங்கப்பா தவறினப்பக்கூட வீடியோ கால்லதான் பாத்தேன். அதுவும் நடுவுல கட் ஆயிடுச்சு."

மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு அவளும் நானும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். மழை, ஹோம்வொர்க், எந்தக் கடையில் முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது என்று எல்லாம் பேசியிருக்கிறோம். இதை அவள் சொன்னதே இல்லை. ஒரு ஏரிக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஏரி மேல் இருந்த ஆசை மட்டும் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாஸ்போர்ட்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். ஒவ்வொரு வில்லாவாகத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்த மாதிரி ஒரு மஞ்ச வீட்டுல படி நேரா தண்ணிக்குள்ளயே எறங்கும்," என்றாள். "நாங்க போனப்ப ஒரே மழை. ஒரு போட்டோகூட ஒழுங்கா வரல."

இப்போது ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் கொலுப் படியை ஒட்டிப் போய், ட்ரேக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பட்டுப்புடவையோடு ஆறு பேரும் கன்னத்தைக் கார்ப்பெட்டில் வைத்துப் படுத்தோம். விளக்கு வெளிச்சம் நீலத் தண்ணீரில் ஆடியது. பால்கனிகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்தான் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா," என்றாள். நான் கொஞ்சம் அழுதேன்.

டோல் ரோட்டு டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே அப்போதுதான் உள்ளே வந்த என் கணவர், தரையில் கிடந்த எங்களைத் தாண்டி நேராக வில்லாக்களைப் பார்த்தார்.

"யாரு இதெல்லாம் மேற்கப் பாத்துத் திருப்புனது?" என்று கேட்டார்.

விஜயதசமி முடிந்து கொலுவைக் கலைத்தோம். பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்குவது நான், பெட்டி மேல் மார்க்கரால் எழுதுவது அவர். செட்டியார், தசாவதாரம், கல்யாண செட் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், வில்லாப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இத்தாலி. பேப்பர் வந்ததும் தூக்கிப் போடவும்," என்று எழுதினார்.

பெட்டி இன்னும் கராஜில்தான் இருக்கிறது.