மூளை மாத்தின பொட்டியும் நானும்

கம்ப்யூட்டர் வித்துப் பொழைக்கறது பெரிய கஷ்டம் இல்லீங்க. போன மாசம் வரைக்கும் எதை மட்டம்னு சொன்னோமோ, அதையே இந்த மாசம் ஒசத்தின்னு அதே வாயால சொல்றதுதான் கஷ்டம். இன்சூரன்ஸ் பிடிச்சவுங்க, சிம் கார்டு வித்தவுங்க, மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வாசல்ல காத்துக் கெடந்தவுங்க எல்லாருக்கும் நான் சொல்றது புரியும். மத்தவுங்க கொஞ்சம் இரக்கப்பட்டுப் படிங்க.

என் பேரு ஸ்டெல்லா. திருப்பாதிரிப்புலியூர்ல மாடியில ஒரு கடை. நானும், சர்வீஸ் பாக்கற குமரவேலும்தான் ஆளுங்க. ஒரு பெரிய கம்பெனியோட சர்வருக்கு இந்தப் பக்கத்து ஏஜென்சி என் கையில இருந்துச்சு. சர்வர்னா, ஒரு எடத்துல இருக்கற கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் நடுவுல உக்காந்து வேலை வாங்கற பெரிய பொட்டி. அதுக்கு மூளை பிராசஸர். அந்த மூளையை எங்க கம்பெனி செய்யறதில்ல, வெளிய வாங்கித்தான் உள்ள வைக்கும். 2006-ல, வாங்கற எடத்தையே மாத்திட்டாங்க. எனக்குச் சனி பிடிச்சது அப்பத்தான்.

ரெண்டு கட்டு நோட்டீஸ்

பாண்டிச்சேரியில ஒரு ஏசி ஹால்ல டீலருங்க கூட்டம். ஏரியா மேனேஜர் மேடையேறி, இனிமே நம்ம சர்வர்ல பழைய கம்பெனி பிராசஸர் கெடையாது, அதுக்குப் போட்டிக் கம்பெனியோடதுதான்னாரு. அதுதான் வேகமாம், அதுதான் கரண்டு கம்மியா இழுக்குமாம். எல்லாரும் கை தட்டினாங்க. தீபாவளிக்குள்ள ஆளுக்கு ரெண்டு சர்வராவது போவணும், போவலைன்னா ஏஜென்சி வேற ஆள் கைக்குப் போயிடும்னு அடுத்த வரியிலயே சொன்னாரு. தட்டின கை அப்படியே நின்னுபோச்சு. என் ஏஜென்சி மேல பாண்டிச்சேரி டீலர் ஒருத்தருக்கு ரொம்ப நாளா கண்ணு. அவரு மட்டும் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்னேன். "சார், அந்தப் பிராசஸர் அடுப்பு மாதிரி சூடாவும், வாங்காதீங்கன்னு போன வருஷம் நீங்கதானே நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தீங்க? ஊரெல்லாம் குடுத்தது போவ இன்னும் ரெண்டு கட்டு என் கடையில கெடக்கே, அதை என்ன பண்றது?"ன்னு கேட்டேன். மனுஷன் கொஞ்சம்கூட அசரல. "நல்ல பேப்பர்மா அது, பின்பக்கம் கொட்டேஷன் அடிச்சுக்குங்க."

டிவியில வராத பொருள்

மொதல்ல போனது கீரப்பாளையத்துல ரைஸ் மில் வச்சிருக்கற பாலகிருஷ்ணன் மாமாகிட்ட. பழைய சர்வர் ஒண்ணு அவருகிட்ட ஏற்கெனவே நான் வித்தது. மில்லுக்கும் மூணு கடைக்கும் சேத்து இன்னொண்ணு வேணும்னு சொல்லியிருந்தாரு. கொட்டேஷனை வாங்கி, பிராசஸர் பேரைப் பாத்ததும் மூஞ்சியைச் சுளிச்சாரு. "இது டிவியில வர்றதில்லையே? அந்தப் பழசுக்குத்தானே முடியறப்ப டொய்ங் டொய்ங்னு ஒரு மியூசிக் வரும்?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "ஏன் மாமா, உங்க பொன்னி அரிசிகூடத்தான் டிவியில வர்றதில்ல. அதுக்காக ஊர்ல யாரும் சோறு திங்காம இருக்காங்களா?"ன்னுட்டேன். கணக்குப் பாக்கற பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம வெளிய ஓடிப்போயிட்டா. அவரு கொட்டேஷனை மடிச்சு மேஜை மேல வச்சாரு. போச்சுடா, வாயால கெட்டேன்னு நினைச்சேன். கடைசியில கேட்டாரு: "அரிசின்னா ஒரு ஒலை வச்சுத் தின்னு பாத்துடலாம், உன் பொட்டியை நான் என்னத்தை வச்சும்மா தின்னு பாக்கறது?"

ஆயுத பூஜை

அந்தக் கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு. பதினஞ்சு நாள் சும்மா ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன்னு புதுசை எறக்கி வச்சேன். நடுவுல ஆயுத பூஜை வந்துச்சு. மறுநாள் காலையிலயே போன். "ஏம்மா, நீ அடிச்சுக் குடுத்த நோட்டீஸ்ல இருந்தது சரிதான். சூடாயி தன்னால அணைஞ்சுபோச்சு. பழசு கல்லு மாதிரி ஓடுது." லீவு நாளுன்னும் பாக்காம குமரவேலையும் இழுத்துக்கிட்டு ஓடினேன்.

போய்ப் பாத்தா, புதுசுன்னு மரியாதை ஜாஸ்தியாப் பண்ணியிருக்காங்க. காத்து உள்ள போற ஓட்டையெல்லாம் சந்தனம். முன்னால சாமந்தி மாலை. தூசி படக் கூடாதுன்னு மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டு வேட்டி வேற. மூச்சு முட்டாம என்ன பண்ணும்? பழசுக்குப் பாவம், ஒரே ஒரு குங்குமப் பொட்டுதான். குமரவேல் ஃபேன்லேருந்து சாமந்தி எதழைக் குறடால பிடுங்கிப் பிடுங்கி எடுத்தான். நான் மாமாகிட்ட சொன்னேன்: "கணக்கெல்லாம் பத்திரமா வேற எடத்துல எடுத்து வச்சுட்டு, அதே வேட்டியைப் பழசு மேல போத்துவோம். அணையலைன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

அரை மணி நேரமாச்சு, ஓடுது. முக்கால் மணி ஆச்சு, அப்பவும் ஓடுது. குமரவேல் என்னைப் பாக்காம சொவத்தையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு மணி நேரம் ஆகப் போறப்ப கீ கீன்னு கத்திட்டுப் படக்குன்னு அணைஞ்சுது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். மாமா வேட்டியை உருவி மடிச்சு வச்சுக்கிட்டே சொன்னாரு: "சரி, ரெண்டும் ஒரே ஜாதிதான் போலருக்கு. புதுசு இங்கயே இருக்கட்டும்."

ஸ்டிக்கர்

ஒண்ணு போயாச்சு, இன்னும் ஒண்ணு. சேத்தியாத்தோப்புல ஒரு ஜவுளிக்கடை முதலாளி வாங்கறேன்னாரு. பிராசஸரைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல. இவ்ளோ நல்லவரான்னு நினைக்கறதுக்குள்ள விஷயத்துக்கு வந்தாரு: "உள்ள எந்த இழவு வேணா இருக்கட்டும். மேல அந்தப் பழைய கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிக் குடுத்துடு. என் மச்சான் வந்து பாப்பான், மட்டமா பேசுவான்."

நம்ம பக்கத்துல கம்ப்யூட்டர் வாங்கறவுங்க பாதிப் பேரு அந்த ஸ்டிக்கரைத் தடவிப் பாத்துதான் வாங்கினாங்க, அது நெசம். குமரவேல் பையில ஒரு ஷீட்டே வச்சிருந்தான், பழைய பொட்டியில உரிஞ்சுபோனா ஒட்டறதுக்கு. கை பைக்குள்ள போயிடுச்சு. நான் அவன் கையைப் பிடிச்சு வெளிய எடுத்தேன். "இல்லாததை இருக்குன்னு ஒட்டித் தர மாட்டேங்க. மச்சான் கேட்டா என் நம்பரைக் குடுங்க, நான் பேசிக்கறேன்"னேன். அப்ப எனக்கு வேணாம்மான்னு அவரு கும்பிடு போட்டுட்டாரு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறப்ப குமரவேல் கேட்டான்: "அக்கா, நீங்க யாவாரம் பண்ண வந்தீங்களா, கோர்ட்ல சாட்சி சொல்ல வந்தீங்களா?"

சார் வரலியா?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கறப்ப சிதம்பரம் பக்கத்துல ஒரு காலேஜ்லேருந்து கூப்பிட்டாங்க. பாண்டிச்சேரி டீலரும் அங்க உக்காந்திருந்தாரு. கரஸ்பாண்டென்ட் என்னைப் பாத்துட்டு, எனக்குப் பின்னாலயும் எட்டிப் பாத்தாரு. "சார் வரலியாம்மா?" "சார்னு யாரும் இல்லீங்க, கடை என்னுதுதான்"னேன். அடுத்து கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. ஃபைலைத் தொறந்தாரு. உள்ள என் நோட்டீஸ்! கடை முத்திரையோட, அடுப்பு மாதிரி சூடாவும்னு கொட்டை எழுத்துல. "இது நீங்க குடுத்ததுதானே?"

மழுப்பியிருக்கலாம். எனக்கு வரல. "நான் குடுத்ததுதான் சார். அப்ப அந்த மெஷினை நான் தொட்டுக்கூடப் பாத்ததில்ல, கம்பெனி சொன்னதைக் கிளிப்புள்ள மாதிரி சொன்னேன். தப்பு என்னுதுதான். இப்ப ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன், நம்பாட்டி வாங்கினவரையே கேளுங்க"ன்னு மில்லு நம்பரைக் குடுத்தேன். கரஸ்பாண்டென்ட் அங்கயே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. மில்லு சத்தத்துல பேசிப் பேசிப் பழகின தொண்டை மாமாவுக்கு, ஹாலே அதிர்ந்துச்சு. "நல்லாத்தான் ஓடுது சார்! பூஜை போட்டா மட்டும் துணியைப் போத்திடாதீங்க!"

ஆர்டர் எனக்கு வந்துச்சு. ஏஜென்சியும் என் கையிலயே நின்னுச்சு.

நாலாவது மேனேஜர்

அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. 2011-ல நாலாவதா ஒரு மேனேஜர் வந்தாரு. சின்ன வயசு, மேடம் மேடம்னு ரொம்ப மரியாதை. கம்பெனி மறுபடி பழைய சப்ளையர்கிட்டயே போயிடுச்சாம். பையிலேருந்து ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து வச்சாரு. "நீங்க வித்த சர்வர் எல்லாம் இனி சரிவராது, உடனே மாத்துங்கன்னு உங்க கஸ்டமர்ஸ்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும் மேடம்."

எனக்கு வந்துச்சே கோவம்! "ஒரு நாள்கூட மக்கர் பண்ணாம ஓடற மெஷினை எந்த வாயால சரியில்லன்னு சொல்றது? புதுசு வேணுங்கறவுங்களுக்குப் புதுசு விக்கறேன். ஓடறதைக் குத்தம் சொல்ல என் கால் அந்தப் படி ஏறாது"ன்னேன். "அப்போ ஏஜென்சி கஷ்டம் மேடம்"னாரு. சொவத்துல மாட்டியிருந்த ஏஜென்சி சர்ட்டிஃபிகேட்டைச் சட்டத்தோட கழட்டி அவரு கையில குடுத்தேன். அவரு படி எறங்கினதும் உக்காந்து அழுதேன். குமரவேல் பக்கத்துல வந்து நின்னான். "அக்கா, அந்த ஆணியைப் பிடுங்கிடவா, இருக்கட்டுமா?"

கூவற பொட்டி

ரெண்டு மாசம் ஒரு புது ஆர்டர் இல்ல. கடையைக் காலி பண்ணிடலாம்னே முடிவெடுத்துட்டேன். அப்பத்தான் கீரப்பாளையத்துலேருந்து போன். பொட்டி கூவுதாம். இப்ப எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமில்ல மாமா, ஏஜென்சி பாண்டிச்சேரிக்காரருக்குப் போயிடுச்சு, அவரு நம்பர் தர்றேன், எழுதிக்குங்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மில்லு மெஷினையும் மீறி ஒரு கத்து: "கம்பெனி போனா மயிராச்சு, நீ எப்ப வர்ற? என் மருமவன் புது மில்லு தொறக்கறான், அவனுக்கும் ஒண்ணு வேணும். எந்தக் கம்பெனி, எந்த மூளைன்னு நீயே பாத்து வையி, அதெல்லாம் எனக்கெதுக்கு!"

ஆக, பிராசஸர் ரெண்டு தடவை மாறி, மேனேஜர் மூணு தடவை மாறி, ஏஜென்சியே கைமாறிப் போனதுக்கப்புறமும், கீரப்பாளையத்துக்கு இன்னைக்கு வரைக்கும் நான்தான் போறேன், அந்த பஸ்ஸுல உக்கார எடம் மட்டும் இன்னும் கெடைக்கலீங்க.