கடைசிச் சிவப்புச் சீட்டு

புத்த ஆண்டு 2521, அதாவது 1978, ஏப்ரல் ஐந்து, புதன்கிழமை. பான்போங் வட்ட அலுவலக முற்றத்தில் இருபத்தொரு வயதுப் பையன்கள் நூற்றுப் பதினாறு பேர் சட்டையில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டாளத்துக்கு வேண்டியது முப்பத்தொரு பேர். சிவப்புச் சீட்டு எடுத்தவன் இரண்டு வருடம் போக வேண்டும். கறுப்பு எடுத்தவன் வீட்டுக்குப் போகலாம்.

தீனாநாத் நான்காம் வரிசையில் இருந்தான். பள்ளிப் பதிவேட்டில் அவனுக்கு இந்த நாட்டு வழக்கப்படி பிரசித் என்று பெயர். அப்பா ராமாதார் திவாரி கோரக்பூரிலிருந்து வந்தவர். இருபத்தாறு வருடமாக ரயில் நிலையத்தில் வறுகடலை விற்கிறார். தீனா பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் புதிதாகப் பார்ப்பவர்களெல்லாம் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: “உனக்கு எந்த ஊரு?” பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டால் அந்தக் கேள்வி நின்றுவிடும் என்று அவன் நம்பினான். சிவப்புக்காகவே காத்திருந்தான். அப்பாவோ கறுப்புக்கு வேண்டிக்கொண்டு ஒன்பது நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தார்.

“டேய் கடலை, மார்பு அளக்கறப்ப மூச்சை உள்ள இழுத்துக்கடா. கோழிக்குஞ்சுன்னு தள்ளிடுவாங்க” என்றான் பக்கத்திலிருந்த துய். இருவரும் ஒரே தெரு. துய்யின் அம்மா லமாய், சந்தை முனையில் பன்றிக்கறி நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். தண்ணீரும் ஐஸும் தூக்க அவளுக்கு இருந்தது துய் ஒருவன்தான்.

“சீட்டு எடுக்காம தானா பட்டாளத்துக்கு வர்றவங்க எழுந்திருங்க” என்றார் அதிகாரி. நான்கு பேர் எழுந்தார்கள். தீனாவும் ஒரு காலை ஊன்றினான். வேலிக்கு அப்பால் அப்பா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காலை மடக்கிக்கொண்டான். சீட்டே முடிவு செய்யட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்த நான்கு பேர் போக, பெட்டிக்குள் இருபத்தேழு சிவப்பு, எண்பத்தைந்து கறுப்பு விழுந்தன. அறுபத்தோராவதாகக் கைவிட்ட தீனாவுக்குக் கறுப்பு வந்தது.

“இந்தியாக்காரனுக்கு அதிர்ஷ்டம்டா! போ, போய்க் கடலையை வறு!” என்று அதிகாரி சிரித்தார். அப்பா வேலியோரம் அவன் வாயில் லட்டைத் திணித்தார்.

எண்பத்தெட்டாவதாகப் போன துய், கடைசிச் சிவப்பை எடுத்தான். பெட்டியில் இனிச் சிவப்பில்லை என்றதும் மிச்சமிருந்த இருபத்துநாலு பேர் துள்ளிக் குதித்தார்கள். வேலிக்கு வெளியே நின்றிருந்த லமாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் ஒருத்தன் தானா எழுந்திருந்தா ஒரு சிவப்பு கொறஞ்சிருக்குமே” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தீனாவின் வாயில் இன்னும் லட்டின் இனிப்பு இருந்தது.

மே முதல் தேதி துய்யை லாரியில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் காலை தீனா செருப்பை மாட்டினான்.

“எங்கடா?” என்றார் அப்பா.

“லமாய் அத்தை கடைக்கு. ஐஸ் தூக்க ஆளில்ல.”

“பன்னி வேகற எடத்துல திவாரி புள்ளைக்கு என்னடா வேலை? ஊருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“அன்னிக்கு எழுந்திருக்கத்தான் இருந்தேன்பா. உங்களைப் பாத்துட்டு உக்காந்துட்டேன். அது எனக்குத்தான் தெரியும்.”

அப்பா அவன் மார்பைக் காட்டினார். “அப்படின்னா பூணூலைக் கழட்டி வெச்சிட்டுப் போ.”

“எதுக்கு? இதுவும் என்னோடதுதானே.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பத்தொன்பது நாள் அவனோடு பேசவில்லை.

அன்று காலை கடையில் லமாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “கறுப்புச் சீட்டுக்காரருக்கு இங்க என்ன?”

“அன்னிக்கு நான் எழுந்திருக்கல அத்தை.”

அவள் வெகுநேரம் கரண்டியைக் கழுவினாள். “வாளி அங்க இருக்கு. கறிப்பானையை நீ தொட வேணாம், உங்கப்பன் எங்கிட்ட சண்டைக்கு வருவான்.”

தீனா எட்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். பிறகு, அவள் தனியாக இழுத்துக்கொண்டிருந்த கறிப்பானையின் மறுபக்கக் காதைப் பிடித்துத் தூக்கினான்.