பிரியாணி டேக்சாவில் வெந்த கல்யாண கேக்

என் பேத்தி வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. பட்டனைத் திருப்பினால் உள்ளே விளக்கு எரியும். கேக் எழும்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சினிமா பார்ப்பதுபோல் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் மயிலாப்பூர் மழையும் பாய் வீட்டு முற்றமும் ஞாபகம் வந்து வாய் தானாகச் சிரிக்கும். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டுவிடாதே, புஸ்தகத்தில் வருகிற மாதிரி போடு என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர். புருஷன் இல்லை, ஒரே பெண். அடையாற்றில் ஒரு பங்களாவில் சமையல் வேலை. காய் நறுக்க, பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பங்களா ஏதோ கம்பெனியுடையது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சில வருஷம் இருக்கும், போகும், இன்னொன்று வரும். ஒவ்வொரு துரைசானியும் வரும்போது அவள் ஊர்க் கேக்கும் கூடவே வரும்.

இங்கிலீஷ்காரி வீட்டில் உலர்ந்த பழத்தையெல்லாம் சாராயத்தில் ஊறப்போடுவார்கள். அதைக் கிளறிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் என் கையை மோந்து பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். சிலோனிலிருந்து வந்த அம்மா ஒருத்தி ரவையும் முந்திரியும் போட்டு ஒரு கேக் செய்வாள். நம் ரவா கேசரி கப்பலேறிப் போய் முட்டை சாப்பிடப் பழகிக்கொண்டு திரும்பி வந்ததுபோல் இருக்கும். இன்னொருத்திக்கு ஆப்பிள் கேக் வேண்டும். ஆப்பிள் கிடைக்காத நாளில் அக்கா பெங்களூர்க் கத்திரிக்காயை, அதுதான் சௌசௌ, சீவி, எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து உள்ளே வைத்துவிட்டார். அந்தத் துரைசானி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊர் ஆப்பிள் மாதிரியே இருக்கிறது என்றாளாம். நான் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ராஜா ஜெர்மன்காரியின் கேக்தான். அதன் அச்சு தலைப்பாகையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி வரி வரியாக இருக்கும். நடுவில் ஓட்டை. அவள் ஊருக்குக் கிளம்பும்போது அந்த அச்சை அக்காவிடமே கொடுத்துவிட்டாள். அக்கா அதைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். என்னமோ நகை மாதிரி. ஆமாம், நான் எங்கே விட்டேன்? கல்யாணம்.

அக்காவின் பெண்ணுக்குப் பரங்கிமலையில் மாப்பிள்ளை அமைந்தது. ரயில்வே குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா கேக் போடுவதில் அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேர் வாங்கியவர். நிச்சயத்தன்றைக்குக் காபி டம்ளரை வைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்:

"கேக்கு உங்க வூட்ல போட்ற கேக்குதானே சம்பந்தி? கட கேக்குன்னா எனக்கு ஒரு வாயிலியே தெரிஞ்சிரும்."

அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. பெண்ணுக்கு என்று அவரால் பெரிதாக எதுவும் போட முடியவில்லை. பெருமையாகக் கொண்டுபோய் வைக்க அவரிடம் இருந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான். அது தவறினால் பெண் காலம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். பெண்ணும் சின்ன வயசிலிருந்தே தன் கல்யாணத்துக்கு அந்த ஓட்டைக் கேக்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டவள்.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் கேக் சுடுகிற ஓவன் எங்கே இருந்தது? கேக் மாவை வீட்டில் கலக்கி, தகரத்தில் ஊற்றி, துணி போட்டு மூடி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ரொட்டி சுட்டு முடித்தபின் அடுப்புச் சூடு கொஞ்சம் தணியும். அப்போது நம் தகரத்தை உள்ளே தள்ளுவார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் எங்கள் பேக்கரி வாசலில் ரேஷன் கடை மாதிரி கூட்டம் நிற்கும். எந்தத் தகரம் யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். அக்கா தகரத்தின் காதில் சிவப்பு நூல் கட்டுவார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் உட்கார்ந்தோம். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வரும்வரை நான் தேய்த்தேன். முட்டையை அக்கா அடித்தார். ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், கை மாற்றக் கூடாது, நடுவில் பேசவும் கூடாது. பேசாமல் இருப்பதுதான் எனக்கு அதில் கஷ்டம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை அவர்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்களாம்.

மாவில் பாதியை ஓட்டை அச்சிலும் மீதியை ஒரு வட்டத் தகரத்திலும் ஊற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு பேக்கரிக்குப் போனோம். வாசலிலேயே நின்றுவிட்டோம். தெருத் தண்ணீர் உள்ளே புகுந்து அடுப்பு வாய்வரை நிற்கிறது. பேக்கரிக்காரர் முழங்கால்வரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு காய ஒரு வாரமாவது ஆகும் என்றார். அடையாற்றுப் பங்களாவுக்குப் போகலாமா என்றால், ஆற்றில் வெள்ளம், பாலத்துப் பக்கம் பஸ் விடவில்லை.

அக்கா தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றார். கலக்கின மாவு சாயங்காலம்வரை காத்திருக்காது. நேரம் ஆக ஆக உப்பினது அமுங்கிவிடும். எனக்கு அழுகை வந்தது. அப்போது பார்த்து எங்கிருந்தோ பிரியாணி வாசனையும் வந்தது.

எங்கள் சந்து திரும்பினால் பாய் வீடு. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். வீட்டுக்குள் உருது, வெளியே நம் பேச்சு. முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டு, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குப் பெரிய பிரியாணி அண்டாக்கள், டேக்சா என்பார் அவர், அடுக்கி வைத்திருப்பார். மூடிமேல் நெருப்பு அள்ளிப் போட்டு அவர் தம் கட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடியிலும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. பேக்கரி அடுப்பும் அதுதானே? அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பாய் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம்.

"முட்ட, வெண்ண, மாவு. அவ்ளோதானே? எறநூறு பேருக்கு தம் போட்றவன்மா நானு. இது இன்னா பெரிய விஷயம்? குட்த்துட்டு குந்துங்க."

அக்காவுக்குச் சந்தேகம். ஓட்டை அச்சை மடியிலேயே வைத்துக்கொண்டு வட்டத் தகரத்தை மட்டும் கொடுத்தார். பாய் டேக்சாவுக்குள் செங்கல் வைத்து, தகரத்தை அதன்மேல் ஏற்றி, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி அடைத்தார். அடைப்பதற்கு முன்னால், அடி பிடிக்காமல் இருக்கட்டும் என்று கை பழக்கத்தில் தண்ணீரும் தெளித்துவிட்டார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பாயின் சம்சாரம், எல்லாருக்கும் அவர் பாயம்மா, டீ போட்டுக் கொடுத்து, மணப்பெண்ணுக்கு மருதாணி வைத்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

திறந்தால், அடடா, எப்படிச் சொல்வேன். வெள்ளை வெளேர் என்று ஒரு பெரிய இட்லி. விரலால் தொட்டால் ஒட்டுகிறது.

பாயம்மா எட்டிப் பார்த்தார். "தம்மு நல்லாத்தான் வந்துகீது. சாம்பாரு வெக்கவா?"

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா மட்டும் கோபப்படவில்லை. அந்த வெள்ளைக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பாய், பிரியாணிக்கு ஆவி உள்ளியே கெடக்கணும். கேக்குக்கு அது வெளிய போயிரணும். அடைக்காதீங்க. தண்ணி ஒரு சொட்டு கூடாது. அடில காஞ்ச மணலு வேணும்."

மழைக்காலத்தில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? மெரினாவே நனைந்து கிடக்கிறது. எனக்குப் பொரிகடை ஞாபகம் வந்தது. கடலை வறுக்கிற மணல் எந்த மழையிலும் காய்ந்துதானே இருக்கும்? சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். பொரிகடைக்காரர் எதற்கு என்று கேட்டார். கேக்குக்கு என்றேன். கேக்கில் மணல் போடுவார்களா என்று அவர் அசந்து நிற்கும்போதே சட்டி நிறைய அள்ளிக்கொண்டு, முந்தானையால் மூடித் திரும்பினேன். மணல் சூடாகவே இருந்தது.

பாய் டேக்சாவைத் துடைத்துத் துடைத்து ஈரம் போக்கினார். மணலைப் பரப்பி, ஓட்டை அச்சை வைத்து, மூடிக்கு அடியில் ஒரு ஓட்டுச் சில்லைக் கொடுத்துச் சந்து விட்டார். மேலே கொட்டாங்கச்சித் தணல். உள்ளங்கையை மூடிக்கு மேலே பிடித்துப் பிடித்துப் பார்த்து, இங்கே ஒரு துண்டு எடுப்பார், அங்கே ஒரு துண்டு வைப்பார். அக்கா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினார். பாயம்மாவின் உதடும் ஏதோ முணுமுணுத்தது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். ஒரு கேக்குக்கு எத்தனை சாமி பாருங்கள்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தச் சந்து வழியாக வெண்ணெய் வாசனை வந்தது. பிறகு சர்க்கரை சிவக்கிற வாசனை. நான் குதித்தே விட்டேன். மூடியை எடுத்தால் மாவு ஓட்டையைச் சுற்றிப் பொன்னிறமாக எழும்பி நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. தட்டில் கவிழ்த்ததும் வரி வரியாகத் தலைப்பாகை அப்படியே உட்கார்ந்தது. பாய் தன் தலைத்துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த இட்லிக் கேக்கை எறிய மனசில்லை. பாயம்மா அதைத் துண்டு போட்டு, நெய்யில் சிவக்க வறுத்து, பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் விட்டுக் கிளறி, பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற பிரெட் அல்வா மாதிரி ஆக்கிவிட்டார். கல்யாணச் சாப்பாட்டுக்கு இதையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

மறுநாள் எங்கள் பக்கத்து மாதா கோயிலுக்கு ரிக்‌ஷாவில் கேக்கை இட்லிக் குண்டானுக்குள் வைத்து, மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். பூசை முடிந்து, கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு சம்பந்தியம்மாவுக்கு. அவர் மென்றார். மெதுவாக மென்றார். அக்காவின் கை என் கையைத் தேடியது. நல்லவேளை, நான் அன்றைக்கு ரப்பர் வளையல் போட்டிருந்தேன்.

"இது எந்த அடுப்புல சுட்டது சம்பந்தி?"

பேக்கரி என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்குப் பொய் வராது. "பாய் வூட்டு டேக்சாங்க. பிரியாணி ஆக்கறது. மணலு போட்டு, மேல நெருப்பு வெச்சி..."

"அதான் பார்த்தேன்," என்றார் சம்பந்தியம்மா. கறுத்த பக்கத்தை விரலால் தடவினார். "எங்கம்மா இப்டிதான் மணலு மேல வெச்சி சுடும். இந்தக் கரி வாசன எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. எவ்ளோவோ பார்த்துட்டேன்." சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்.

சாப்பாட்டில் அந்த அல்வாவையும் அவர் இலையில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இது என்ன ஸ்வீட் என்று கேட்டபோது அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"இதுவும் கேக்குதான் சம்பந்தி. மொதல்ல வேகாம இட்லியா பூட்ச்சே, அது."

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் காதுத் தோடு ஆடியது. அப்புறம் பெண்ணைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்த கேக்கில் பாதியைப் பிய்த்து அவள் வாயில் ஊட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு முன்னால் பேக்கரி அடுப்பு காய்ந்து, வாசலில் பழையபடி கூட்டம் நின்றது. ஒரு நாள் காலையில் பரங்கிமலையிலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். ஒரு கையில் மருமகள், இன்னொரு கையில் முட்டையும் வெண்ணெயும் ஊறின பழமும் வைத்த கூடை. அக்கா அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, பேக்கரிக்குப் போகலாம், வாங்க என்றார்.

"பேக்கரி எங்க ஊர்லியே கீதே," என்றார் சம்பந்தியம்மா. "பாய் வூடு எந்தப் பக்கம்?"

நான் அதற்குள் சட்டியை எடுத்துக்கொண்டு பொரிகடைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.