தோமு என்றால் நன்றி

என் அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் தண்ணிப் பிரிவு. இதைச் சொன்னாலே எல்லாரும் கண்ணடிப்பார்கள். மனிதர் ஒரு சொட்டு தொட்டதில்லை. சேற்றுத் தண்ணீரை லாரியில் பொருத்திய சுத்திகரிப்பு இயந்திரத்தில் விட்டுக் குடிநீராக்குவதுதான் அவர் வேலை. பேச்சும் அளவுதான்; "உங்க மச்சானுக்கு வாய் இருக்கா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது அவர் பிரிவை அனுப்பினார்கள். திரும்பும்போது அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல்: தோமு. தினமும் கேனோடு வந்த ஒரு பெண் குனிந்து, தரையை உள்ளங்கையால் தட்டி, "தோமு, தோமு" என்பாளாம். அந்த ஊர் நன்றி போலிருக்கிறது என்று இவரும் குனிந்து, தரையைத் தட்டி, "தோமு" சொல்லிவிட்டுக் கேனை நிரப்புவாராம்.

"என்ன மரியாதைங்கறே மாப்ள!" என்று அதை மகளுக்கும் பழக்கிவிட்டார். அந்த வாலு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் தரையைத் தட்டித் தோமு போடும். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

மறு வருடம் அந்த நாட்டுக் குழு ஒன்று நன்றி சொல்ல வந்தது. ராணுவ அரங்கில் விருந்து. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா எங்கள் வாண்டிடம் ஜூஸை நீட்டினார். இது உடனே தரையைத் தட்டி, "தோமு!"

அந்த அம்மா சிரித்தபடி மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். "என்னம்மா விழுந்துச்சு? எங்க பாஷையில தோமுன்னா 'கீழே'."

மச்சான் கையில் தட்டு இருந்தது. சாப்பிடவுமில்லை, வைக்கவுமில்லை. எனக்கு அந்த அம்மா மேல்தான் கோபம் வந்தது. பேசாமல் ஜூஸைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்தும் அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "பாஷை தெரியாம நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று அக்கா தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் சுவரைப் பார்த்தபடி என்னிடம் பேசினார், கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல.

"பக்கத்துக் கூடாரத்துலதான் மாப்ள, மோப்ப நாயோட இடிபாட்டைத் தோண்டி ஆளுங்களை மீட்கிறவங்க இருந்தாங்க."

அக்கா அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"கடைசியில அவ தோமு சொல்றதை விட்டுட்டா. தண்ணியை மட்டும் வாங்கிட்டுப் போனா. பழகிட்டோம், இனிமே எதுக்கு நன்றின்னு விட்டுட்டா போலன்னு நெனச்சேன்."