மயில் விரட்டும் ஜெயரூபி

எங்கள் விசுவமடுப் பக்கத்தில் மயிலுக்குக் கல்லெறிய ஒருவருக்கும் மனம் வராது. கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்ட மறுநாளே மயில்கள் வந்துவிடும். விதையைக் கிளறித் தின்றுவிட்டு, போகும்போது தோகையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகும். நாங்கள் "முருகா" என்று சொல்லியபடி பார்த்துக்கொண்டு நிற்போம். அவருடைய வாகனத்துக்கு எங்கள் காணியில்தான் தீனி என்று அவர் தீர்மானித்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய?

இதற்கு உடன்படாதவள் பக்கத்துக் காணி ஜெயரூபி. அவள் சாமி கும்பிடாதவள் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு முன்னமே கோயிலில் நிற்பாள். ஆனால் அவளிடம் ஒரு வாதம் இருக்கிறது.

"அக்கா, மயில் முதலில ஆர்? சூரன். முருகன் வேலெறிஞ்சு பிளந்தவர். நான் சும்மா வெருட்டுறன், அவ்வளவுதான். ரெண்டு பேரில ஆர் கூடப் பாவம் பாத்தது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

இதற்குப் பதில் சொல்ல நான் படித்த ஐந்தாம் வகுப்புப் போதாது. கோயில் ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு விபூதி தந்து அனுப்பிவிட்டார்.

அவள் மயில் விரட்டுவது ஹெலிக்கொப்டரில். பயப்பட வேண்டாம், வளர்ந்த சேவல் அளவுதான். றிமோட்டில் பறப்பது. சுவிஸில் இருக்கும் அவள் தம்பி கிருசாந்தன் விடுமுறைக்கு வந்தபோது விளையாடக் கொண்டுவந்தான். திரும்பும்போது பெட்டி முழுக்கக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் மிளகாய்த்தூளும் நிரம்பிவிட்டதால் ஹெலிக்கு இடமில்லாமல் போய்விட்டது. போகுமுன் அக்காவுக்கு ஓட்டப் பழக்கினான். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். போர்க்காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. இப்போது பழகிவிட்டது. அவள் அதை விழுத்தாத மரவள்ளிப் பாத்தி எங்கள் இரண்டு காணியிலும் இல்லை, ஆனாலும் கோடை முடிவதற்குள் நன்றாகக் கற்றுவிட்டாள்.

அந்த ஹெலிக்குள் ஒரு சின்ன இரும்பு வளையம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பேரிங். சைக்கிளில் மிதித்தால் பின்சில்லு சுற்றும், மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் ஓடும் அல்லவா, அந்த வேலைதான். மோட்டார் சுற்றினால் வளையம் அச்சை இறுகப் பிடித்து மேலே இருக்கிற விசிறித் தகட்டைச் சுற்ற வைக்கும். மோட்டார் நின்றால் பிடியை விட்டுவிடும். உள்ளே ஊசி போல மெல்லிய உருளைகள் இருக்கின்றன. அதைப் பெற்றோலில் கழுவி, துடைத்து, தையல் மெசின் ஒயில் ஒரேயொரு துளி விட வேண்டும் என்று தம்பி சொல்லிக் கொடுத்திருந்தான். ஜெயரூபி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து, மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தத் துளியை விடுகிற பக்குவத்தைப் பார்த்தால், புருஷனுக்கு ஒரு நாளாவது இப்படிச் சோறு போட்டிருப்பாளா என்று தோன்றும்.

புருஷன் யோகநாதனுக்கும் அதே சந்தேகம். அவர் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் வைத்து உழுகிறவர். கிறீஸ் விஷயத்தில் வள்ளல். அவர் வீட்டுப் படலையைத் திறக்கிற எவரும் கையில் கறுப்பு இல்லாமல் வெளியே வந்ததில்லை. அவர்கள் வீட்டு நாய் வெள்ளை நாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒரு துளி விட்டா ஒரு மிசினுக்குக் காணுமே? பச்சைக் கஞ்சத்தனம்" என்பார்.

"இது உங்கட லான்ட்மாஸ்டர் இல்லையப்பா. கிட்டப் போகாதேங்கோ" என்பாள் அவள்.

ஐப்பசி மழை பெய்ததும் ஜெயரூபி கச்சான் போட்டாள். போன வருஷம் மயில் தின்றது போக மிஞ்சியதில் ஒரு கடகம்கூட நிறையவில்லை. இந்த முறை வீட்டில் இருந்த விதை முழுவதையும் ஊன்றிவிட்டாள். இதுவும் போனால் மறுபடி ஊன்ற ஒரு விதையும் இல்லை. முளை வந்து இலை விரியும்வரை காப்பாற்றினால் போதும். அந்த நாட்களில்தான் கந்தசஷ்டியும் வந்தது. யோகநாதன் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தார். விரதம் இருக்கிறவருக்கு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வரும். அவருக்கும் வந்தது. பெண்டாட்டி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தது.

சூரன்போர் அன்று விடியற்காலையில் மயில்கள் காட்டோரத்தால் வந்து ஜெயரூபியின் காணியில் இறங்கின. நானும் வேடிக்கை பார்க்க அங்கே போனேன். ஜெயரூபி, "முருகா, குறை நினையாதை" என்று சொல்லி ஹெலியை எழுப்பினாள். மோட்டார் கீச்சிட்டது. மேல் தகடு ஆஸ்பத்திரி மின்விசிறி போலச் சோம்பலாகச் சுற்றி, பிறகு நின்றுவிட்டது. மறுபடியும் எழுப்பினாள். மறுபடியும் அதே கதைதான். மயில்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கிளறத் தொடங்கின.

ஜெயரூபி ஹெலியைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எவ்வளவு வைச்சனீங்கள்?"

"என்னத்தை?"

"கிறீஸ்."

யோகநாதன் கோயில் பக்கம் பார்த்தார். சஷ்டி நாளில் பொய் சொல்ல முடியாது. "கொஞ்சம்தான்."

"கொஞ்சமெண்டா?"

"உள்ளுக்குப் போற வரைக்கும்."

அவள் குசினிக்குள் போய் வெறும் பால்மாத் தகரம் ஒன்றையும் அகப்பைக் காம்பையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "நான் இதைக் கழுவி முடிக்குமட்டும் நீங்கள்தான் ஹெலி. ஓடுங்கோ."

யோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தைத் தட்டியபடி ஓடினார். மயில்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயின. அவர் அந்தக் கரைக்குப் போனதும் இந்தக் கரைக்கு வந்தன. வெறும் வயிற்றில் ஓடுகிறாரே என்று எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை, முருகன் மன்னிக்க வேண்டும்.

"அக்கா, கிண்ணத்தை ஆட்டாமல் பிடியுங்கோ" என்றாள் ஜெயரூபி. நான் பெற்றோல் கிண்ணத்தைப் பிடித்தேன். அவள் வளையத்தைக் கழற்றி அதில் அலசினாள். கிறீஸ் கட்டி கட்டியாக வந்தது. அந்த உருளைகள் அச்சைப் பிடிக்க இடமில்லாமல் அதற்குள் வழுக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. துடைத்தாள். ஊதினாள். ஊசியால் ஒரு துளி ஒயில் விட்டாள். அச்சில் போட்டு விரலால் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் விட்டது. அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

ஹெலி இந்த முறை ஒழுங்காக எழும்பியது. தாழப் பறந்து வரம்பு வரம்பாகத் துரத்தியது. மயில்கள் கத்திக்கொண்டு காட்டோரத்துக்கு ஓடின. யோகநாதன் தகரத்தைக் கீழே வைத்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது சத்தம் நின்றது. கிறீஸில் வழுக்கி வீணாகச் சுற்றியதில் பற்றறி இறங்கியிருந்தது, அவள் அதை மாற்ற மறந்துவிட்டாள். ஹெலி அப்போது பனையின் பாதி உயரத்தில் இருந்தது. அது விழுந்து உடைந்தால் கச்சானும் போனதுதான். யோகநாதன் வேட்டித் தலைப்பை விரித்துக்கொண்டு அதற்குக் கீழே ஓடினார்.

"தள்ளி நில்லுங்கோப்பா, கையை வெட்டிப்போடும்" என்றாள் அவள். கண் ஹெலியிலேயே இருந்தது. மோட்டார்தான் நின்றதே தவிர, பற்றறியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தில் றிமோட் சொன்னதை அது கேட்டது. வளையம் பிடியை விட்டுவிட, தகடு தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெலி சாய்வாக இறங்கி, நிலத்துக்குச் சற்று மேலே ஒரு மூச்சு நின்று, கச்சான் வரம்பில் மெத்தென்று உட்கார்ந்தது.

யோகநாதன் விரித்த வேட்டியோடு நின்றார். "இது ஏனப்பா விழேல்லை?"

"விட வேண்டிய நேரம் அது விடும். நீங்கள்தான் ஒண்டையும் சும்மா விடமாட்டியள்."

காட்டோரத்தில் ஒரு நீலக் கழுத்து மறுபடி தெரிந்தது. ஜெயரூபி புதுப் பற்றறி எடுக்க வீட்டுக்குள் ஓடினாள். யோகநாதன் யாரும் சொல்லாமலே தகரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

கச்சான் முளைத்துவிட்டது. காட்டோரத்து வரி ஒன்றுதான் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. ஹெலி கழுவப்பட்டுக்கொண்டிருந்த நேரம் போன விதை அது. அந்த வரியை முருகனின் மயிலுக்கென்று தானே விரும்பி ஒதுக்கிவிட்டதாக யோகநாதன் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஜெயரூபியும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள்.