மச்சானின் உள்ளங்கை

மருந்துக்கடை மச்சானுக்கு அவன் கொடுக்க வேண்டிய கடன் அறுபத்து நாலாயிரம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடுவும் கிடையாது. கேட்டு வாங்குகிற கடனைக்கூடத் தாங்கிவிடலாம். கேட்காமல் சிரித்துக்கொண்டே இருக்கிற கடன் இருக்கிறதே, அது ஆளை உட்கார்ந்த இடத்தில் வைத்துத் தின்னும்.

அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். தொழிலில் அவனுக்கு, மட்டம் பார்க்கிற கருவியின் பெயரான 'ரசமட்டம்' என்றே பட்டப்பெயர். சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தட்டு சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிற ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் அவன் போட்ட தரையில் கோலி உருட்டிப் பார்த்துவிட்டு, கோலி நின்ற இடத்திலேயே வாயடைத்து நின்றிருக்கிறார்கள்.

இதெல்லாம் பின்னால் வந்த பெருமை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனும் ஒரு அரைவேக்காடுதான். மூன்று வருஷம் எடுபிடியாக இருந்துவிட்டு எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் பெண்டாட்டியின் அண்ணன், மருந்துக்கடைக்கு மேலே மாடி எடுத்தார். "சொந்தத்துல ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று ஹால் வேலையை இவனிடம் கொடுத்தார். கூலி குறையும் என்பது அவர் கணக்கு.

டைல்ஸின் முதுகு முழுக்கப் பசையைத் தடவி, பல் வைத்த கரண்டியால் சீப்பு போட்டதுபோல் இழுத்து, அழுத்தி, தட்டி உட்காரவைக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. இன்னொரு வழியும் உண்டு. நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை, மேலே கல்லை வைத்து ஒரு அமுக்கு. ஐந்து உருண்டை வேலை என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அடியில்தான் காலி. அவன் ஐந்து உருண்டையில் நாலே நாளில் ஹாலை முடித்தான். ஊரே மெச்சியது. அடுத்த வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, ஹாலின் நடுவில் 'படார்' என்று ஒரு வெடி. தரை கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நின்றது.

புதுக் கல், புது மேஸ்திரி, எல்லாம் சேர்த்து அறுபத்து நாலாயிரம். மச்சான் அந்தப் பில்லைச் சொந்தபந்தம் மொத்தத்தையும் உட்காரவைத்து, மருந்துச் சீட்டு படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தார். கடைசியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இதை இவன்கிட்ட எங்க போயி வாங்கறது? என் தங்கச்சிக்குப் போட்ட சோறுன்னு நெனச்சு எழுதிக் கழிச்சுட்டேன். விடுங்க."

எழுதிக் கழித்தவர் மறந்திருக்க வேண்டாமா? ஒரு விசேஷம் விடாமல், ஒரு சாவு வீடு விடாமல், "அதை நான் எப்பவோ எழுதிக் கழிச்சாச்சு" என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். ஊரில் சிலபேர் நாய் வளர்ப்பார்கள், சிலபேர் மீன் வளர்ப்பார்கள். மச்சான் இந்தக் கடனை வளர்த்தார்.

அந்த வெடிச் சத்தத்தோடு அவன் ஐந்து உருண்டையைத் தலைமுழுகினான். ஒவ்வொரு கல்லையும் ஒட்டிய மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பான். அடியில் பசை நிறைந்திருந்தால் 'டக்' என்று முடிந்துவிடும். உள்ளே காலியாக இருந்தால் வெறும் பானையைத் தட்டினதுபோல் ஓசை வரும். அப்படி வந்தால் வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்னால் தானே உடைத்து எடுத்துவிடுவான். பெயர் வந்தது, வேலை வந்தது. காசு மட்டும் கையில் ஒட்டவில்லை. வாரம் ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் முதுகுவலி. வந்தது வந்த வழியே போனது. கடன் கல்லுக்குண்டாக அப்படியே இருந்தது.

இப்படி ஐந்து வருஷம் ஓடியபிறகு, டைல்ஸ் கம்பெனி ஒன்று மேஸ்திரிகளை எல்லாம் ஒரு ஓட்டலின் ஏசி அறையில் கூட்டியது. ஆளுக்கொரு தொப்பி, ஒரு பனியன், பிஸ்கட், டீ. ஒரு கோட்டுக்காரர் வந்தார். கொத்துக்கரண்டி பிடித்த கையில்லை என்பது அவர் நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உங்களைக் காலையில எழுப்பறது எது? அதைக் கண்டுபிடிங்க! ஜெயிச்சுடலாம்!" என்று துள்ளினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு மேஸ்திரி, "எங்க வீட்டுல தண்ணி மோட்டார் சார்" என்றான். அறையே சிரித்தது. கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து எழுதச் சொன்னார். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் 'என் குடும்பம்' என்று எழுதினார்கள். அந்த முப்பத்தைந்தில் இருபது பேர் அன்று சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகவில்லை, போன இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இவன் பக்கத்து ஆளை எட்டிப் பார்த்தான். 'சொந்த வீடு' என்று இருந்தது. அதையே எழுதினான். கோட்டுக்காரர் தோளில் தட்டி, "அந்த வீட்டைப் படமா வெட்டி தினமும் பாக்கிற இடத்துல ஒட்டுங்க" என்றார்.

ஒட்டினான். முகம் மழிக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில், பத்திரிகையில் வெட்டிய மாடி வீடு. கீழே ஒரு பெயின்ட் டப்பா, காசு போட. எட்டு மாதம் அந்த வீடு அவனைப் பார்த்தது, அவன் வீட்டைப் பார்த்தான். டப்பாவில் சேர்ந்தது எழுநூறு. அதிலும் இருநூறு அவன் பெண்டாட்டி போட்டது. அடுத்தவன் அட்டையைப் பார்த்து எழுதின ஆசைக்கு அவ்வளவுதான் வரும்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தங்கச்சியைப் பார்க்க வந்தார். கை கழுவப் போனவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள, மாடி வீடா? தரை யாரு போடப் போறா? நல்ல ஆளா பாத்துப் போடு, மேல தூக்கிக்கப் போகுது!" தன் ஜோக்குக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த அறுபத்து நால… சரி விடு. அதான் எழுதிக் கழிச்சாச்சே."

மறுநாள் அவன் ஐந்து மணிக்கே எழுந்து வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை அவன் பெண்டாட்டி சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் எத்தனை சதுர அடி ஒட்டினான் என்பதை அவன் அதில்தான் குறிப்பான். அந்த வாரக் கணக்கு வழக்கத்தைப்போல் ஒன்றேமுக்கால் பங்கு இருந்தது. அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள்.

"இந்தாங்க, இங்க வாங்க. இது எங்கண்ணன் வந்த வாரம். இதோ, இது எங்க சித்தி வீட்டு விசேஷத்துல அவரைப் பாத்துட்டு வந்த வாரம். இதுவும் அப்படித்தான். எங்கண்ணன் மூஞ்சியப் பாத்தா மட்டும் உங்களுக்கு முதுகு வலிக்காதா?"

"வாய மூடிட்டு சோத்தைப் போடு" என்றான். ஆனால் தட்டோடு எழுந்து போய்க் காலண்டரைத் தானும் ஒருமுறை புரட்டினான்.

அன்று உட்கார்ந்து தன்னையே ஒரு நாணயம் எடுத்துத் தட்டிப் பார்த்தான். சொந்த வீடு: தட்டினான், வெறும் பானை. பிள்ளைகள் படிப்பு: பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, பிள்ளைகளை நினைத்து ஒருநாளும் ஐந்து மணிக்கு எழுந்ததில்லை. அவர்களை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கட்டிப்பிடித்துத் தூங்கலாம் என்றுதான் இருக்கும். நல்ல பேர்: அது ஏற்கனவே இருந்தது. கடைசியில் மச்சானைத் தட்டினான். 'டக்.' மூலைக்கு மூலை நிறைந்திருந்தது. கடனை அடைப்பதுகூட இல்லை. ஒருவரிடமும் ஒன்றுக்கும் கை நீட்டாத அந்த மனுஷன், சிரிப்பை நிறுத்திவிட்டு, தன்னிடம் கையை நீட்டி வாங்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அழகான ஆசையா? இல்லை. அட்டையில் எழுதிக் கோட்டுக்காரரிடம் காட்ட முடியுமா? முடியாது. ஆனால் அழகான ஆசைகளை அட்டையில் எழுதின முப்பத்தைந்து பேரும் இன்றைக்கும் அதே அட்டையை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் மாடி வீட்டைக் கிழித்துப் போட்டான். மச்சானின் மருந்துக்கடை வருஷாவருஷம் காலண்டர் அடிக்கும். அதில் மாத்திரைப் படம் சின்னதாகவும் மச்சான் படம் பெரிதாகவும் இருக்கும். அந்த மூஞ்சியைக் கத்தரித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினான். காலையில் கண் திறந்தால் மச்சான் பல்லைக் காட்டுவார். அதற்கப்புறம் தூக்கமாவது ஒன்றாவது!

மூன்று மாதம் கழித்து மச்சான் வந்தபோது அதைப் பார்த்து உருகிவிட்டார். "என் மேல இவ்வளவு பாசமா மாப்ள?"

"உங்க மூஞ்சியில முழிச்சாத்தான் மச்சான் எனக்கு வேலை ஓடுது" என்றான் அவன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அடுப்படியில் அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பதினாலு மாதம். பெயின்ட் டப்பாவில் ஐம்பத்தொன்பதாயிரம் சேர்ந்தது. இன்னும் ஐயாயிரம் இருக்கும்போது மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள, ஹால் தரை மறுபடியும் தூக்கிக்கிச்சு. கொஞ்சம் வந்து பாரேன்."

போனான். நாணயத்தை எடுத்து மூலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். பாதி ஹால் பானை. தூக்கி நின்ற ஒரு கல்லைப் பெயர்த்துத் திருப்பினான். முதுகில் ஐந்து உருண்டை, காய்ந்துபோய்.

"பாருங்க மச்சான். என் வேலையை ஒடச்சுப்போட்டு, அறுபத்து நாலாயிரம் குடுத்து, அதே வேலையை வாங்கியிருக்கீங்க."

மச்சான் முகம் சுருங்கியது. உடனே வியாபார முகமாக விரிந்தது. "சரி, ஆனது ஆச்சு. நீயே முழுசா எடுத்துப் போட்டுக் குடு. கூலியை அந்தப் பழைய அறுபத்து நால்ல கழிச்சுக்கலாம். என்ன சொல்ற? பத்து நாள் வேலை, உன் கடன் போச்சு."

"எழுதிக் கழிச்சாச்சுன்னீங்களே?"

"அது… ஒரு பேச்சுக்குச் சொல்றது."

வேறு எவனாக இருந்தாலும் மச்சான் காலில் விழுந்து ஒத்துக்கொண்டிருப்பான். பத்து நாள் உழைப்பு, கடன் ஒழியும், டப்பாவில் இருக்கும் ஐம்பத்தொன்பதாயிரமும் மிச்சம். கணக்குத் தெரிந்தவன் அதைத்தான் செய்வான். ஆனால் அவனுக்குக் கணக்கைவிட முக்கியமான ஒன்று தெரிந்திருந்தது, தனக்கு எது வேண்டும் என்பது. கடன் ஒழிவதல்ல அது. கழித்துக்கொண்டால் மச்சான் கை மச்சான் பையிலேயே இருக்கும். நாளைக்கே இன்னொரு விசேஷத்தில், "பாவம், வேலை செஞ்சு கழிச்சான்" என்பார்.

"நாலு நாள்ல வர்றேன் மச்சான். அதுவரைக்கும் ஓரமா நடங்க."

அந்த நாலு நாளில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் இரண்டு குளியலறையை முடித்தான். சுவருக்குச் சுவர் முழுப் பசை. ஐயாயிரம் தேறியது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவன் பெண்டாட்டி வாசலை மறித்தாள்.

"குடுத்துட்டா அப்புறம் எந்த மூஞ்சியப் பாத்து எந்திரிப்பீங்க?"

"உங்க வீட்டுல இன்னும் ரெண்டு அண்ணன் இருக்காங்கல்ல?"

மச்சான் மாடி ஹாலில், தரை தூக்காத ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சின்ன மேஜை. அவன் சட்டைப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தான்.

"என்ன மாப்ள இது?"

"அறுபத்து நாலாயிரம். வேலை தனி. அதுக்கு முழுக் கூலி, பாதி அட்வான்ஸ். கடன் இருக்கற வீட்டுல நான் கரண்டி எடுக்கமாட்டேன்."

"நான் கேட்டேனா? சொந்தத்துக்குள்ள இதெல்லாம்…"

"தரையை வேற ஆள் வெச்சுப் போட்டுக்கிறீங்களா?"

மச்சான் தூக்கி நின்ற தரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஏழு வருஷமாகத் தன் வாயில் இருந்த சிரிப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. "சரி, அந்த மேஜை மேல வை" என்றார்.

"மேஜைக்கு நான் கடன்படல மச்சான். கையை நீட்டுங்க."

மச்சான் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், வேட்டியில் கையைத் துடைத்தார். அப்புறம் மெதுவாக, மருந்து வாங்க வந்தவன்போல், வலது கையை நீட்டினார். மேலே பார்த்தபடி விரிந்த அந்த உள்ளங்கை இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

எல்லாம் ஐந்நூறு தாள். அவன் அவசரப்படவில்லை. விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தான். எண்பதுக்கு மேல் தாள் சரியத் தொடங்க, மச்சான் இடது கையையும் கீழே முட்டுக்கொடுத்தார். நூற்றிருபத்தாறு, நூற்றிருபத்தேழு. கடைசித் தாளை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேலே வைத்து, கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினான்.

"நூத்தியிருபத்தெட்டு."